டேப்பின் மறுமுனை

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. வாயில் நுரையோடு கண்ணாடிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

கழிச்சேனா?

வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி யோசித்தார். குழந்தைகள் காப்பகத்து மாடி ஜன்னல். கிளாம்ப் போட்டு அகலம் அளந்தது நினைவிருந்தது. அளவை உள்ளங்கையில் பேனாவால் எழுதியது, கண்ணாடி வெட்டும் பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னது, கை கழுவியது எல்லாம் நினைவிருந்தது. நடுவில் பத்தைக் கழித்தோமா என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அவர் ஏன் பத்தைக் கழிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒத்தையாள் என்று பெயர். "ஜன்னல் உடைஞ்சிடுச்சா? ஒத்தையாளைக் கூப்பிடு" என்பார்கள். ஓர் ஆள் உயரக் கண்ணாடியைக்கூட ரப்பர் கிண்ணங்களை ஒட்டவைத்துப் பிடித்து, முதுகை வளைத்து, தனியாகவே மாடிக்கு ஏற்றிவிடுவார். அளக்கவும் அவருக்குத் துணை வேண்டாம். அளவு டேப்பின் நுனியை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் வாசிப்பதுதான் ஊர் வழக்கம். ஒத்தையாளுக்கு நுனியைப் பிடிக்க ஆள் கிடையாது. அதனால் டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டரை ஒரு கிளாம்புக்குள் இறுக்கிவிடுவார். சுவரின் விளிம்பில் பூஜ்ஜியத்துக்குப் பதிலாகப் பத்து வந்து உட்காரும். பிறகு மறுமுனைக்குப் போய் வாசித்து, பத்தைக் கழித்துக்கொள்வார். அவராகக் கண்டுபிடித்த வித்தை இது. இதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அந்த வித்தைதான் இப்போது அவரைப் பல் துலக்கவிடாமல் நிறுத்தியிருந்தது.

"என்னங்க, குழாயைத் திறந்து போட்டுட்டு எங்கே பார்த்துட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"உங்க ஒண்ணுமில்லைக்கு ஒரு முகம் இருக்கு. இப்ப அந்த முகம்தான்."

அவர் சட்டையை மாட்டினார். கூடத்தில் மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டே யாரிடமோ போனில் சலித்துக்கொண்டிருந்தாள். "குரூப் வொர்க்காம். ஒருத்தி எழுதணும், நாலு பேரு பேர் போட்டுக்கணும். நான் தனியாவே செஞ்சுக்கிறேன்னு மேடம்கிட்ட சொல்லப்போறேன்." வேறொரு நாளாக இருந்திருந்தால் "அப்படிச் சொல்லு, எம்பொண்ணு" என்று தட்டிக்கொடுத்திருப்பார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் தன் குணத்தோடு ஏறியிருக்கிறாள் என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். இன்றைக்கு அந்த வார்த்தைகள் வேறு மாதிரி காதில் விழுந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

தெருமுனையில் நின்று பட்டறைக்குப் போன் போட்டார். அளவு வாங்கும் பெண் எடுத்தாள்.

"காப்பகத்து ஆர்டர், அந்த அளவை ஒரு தடவை வாசிங்க."

"ஏன் அண்ணா, மறந்துட்டீங்களா?"

"நானாவது மறக்கிறதாவது! நீங்க சரியா எழுதினீங்களான்னு பார்க்கிறேன்."

"அதானே. அகலம் நூத்தி எழுபத்து நாலு, உயரம் இருநூத்தி ஆறு. வெட்டி வச்சாச்சு. டீ இடைவேளை முடிஞ்சதும் சூளைக்குள்ள போகுது."

நூற்று எழுபத்து நான்கு. கழித்த பிறகு வந்த எண்ணா, கழிக்காத எண்ணா? வரைபடத்தில் நூற்று எழுபது என்றுதான் இருந்தது. ஆனால் எந்தச் சுவர் வரைபடம் சொன்னபடி கேட்டது? நூற்று எழுபத்து நான்கும் இருக்கலாம், நூற்று அறுபத்து நான்கும் இருக்கலாம். உயரத்தைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலை இல்லை. அன்றைக்கு மேல் விளிம்பில் சிமென்ட் பூச்சு ஈரமாக இருந்தது. "கிளாம்ப் போட்டா தடம் விழுந்துடும், நான் பிடிக்கிறேன்" என்று சாரத்தின் மேல் நின்ற கொத்தனாரே நுனியைப் பிடித்தார். கிளாம்ப் இல்லையென்றால் கழிக்க வேண்டிய வேலையும் இல்லை. வாசித்ததை அப்படியே சொல்லியாயிற்று.

"அண்ணா, வேற ஏதாவது?"

கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று நாலு வார்த்தை. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தைகள். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் வியர்த்தது. சாதாரணக் கண்ணாடியென்றால் பெரிதாக வந்தாலும் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். இது குழந்தைகள் இருக்கும் இடத்துக்கான உறுதிக் கண்ணாடி. சூளைக்குள் போய் வந்த பிறகு அதில் ஒரு கீறல் போட்டாலும் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். சூளைக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். பின்னால் தலைகீழாக நின்றாலும் முடியாது. மறுபடி ஒன்று செய்ய வேண்டுமென்றால் சூளையில் அடுத்து இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காப்பகமோ திங்கட்கிழமை திறக்கிறது. "அந்த ஜன்னல் மூடாம ஒரு குழந்தையைக்கூட மாடிக்கு ஏத்த மாட்டேன், இவங்க அம்மா அப்பா எல்லாரும் என்னை நம்பி வேலைக்குச் சேர்ந்திருக்காங்க" என்று காப்பகத்து டீச்சர் அவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். "ஒத்தையாள் வாக்குக் கொடுத்தா வாக்குதான்" என்று இவரும் சொல்லியிருந்தார்.

போய் அளந்துவிட்டால் தீர்ந்தது. வண்டியை முறுக்கினார்.

*

காப்பகத்துக்குள் புதுச் சுண்ணாம்பு வாசனை. டீச்சர் தரையில் உட்கார்ந்து குட்டிக் குட்டி மெத்தைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி நாளைக்குத்தானே?"

"ஆமா டீச்சர். சும்மா ஒரு பார்வை பார்க்க வந்தேன்."

மாடிப்படி திரும்பும் இடத்தில் அந்த ஜன்னல். கிட்டத்தட்ட ஒரு வாசல் அளவு ஓட்டை. இந்தப் பக்க விளிம்பு படித் திருப்பத்தின் தளத்தையொட்டி இருந்தது. அந்தப் பக்க விளிம்பு இறங்கும் படிகளுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. அளந்த அன்று கொத்தனாரின் சாரம் குறுக்கே இருந்ததால் பலகை மேல் நடந்து போய்விட்டார். இப்போது சாரத்தைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். கொத்தனாரும் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார்.

ஏணியைப் படியில் சாய்த்தார். ஏணியின் ஒரு கால் மேல்படியில், மறுகால் அந்தரத்தில். அதற்கடியில் செங்கல்லை அடுக்கினார். இந்தப் பக்கம் கிளாம்பை இறுக்கி, டேப்பை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏற ஏறச் செங்கல் முனகியது. விளிம்பை எட்டக் கையை நீட்டினபோது ஏணி ஒரு பக்கமாக நகர்ந்தது. அவர் சுவரைக் கட்டிக்கொண்டார். கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு வர, டேப் சாட்டை மாதிரி சுருண்டு வந்து முழங்கையில் அடித்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க!" கீழே டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "விழுந்துடுவீங்க! இறங்குங்க முதல்ல. எனக்குப் பார்த்தாலே தலை சுத்துது."

இறங்கினார். படியில் உட்கார்ந்தார். இந்நேரம் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர் மறுமுனையைப் பிடித்தால் போதும். உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு டேப்பின் நுனியைப் பிடிக்க நமக்கென்று ஒருவர் இல்லாமல் எப்படிப் போனது? யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லையே. நாமாகத்தானே ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொன்னோம்?

போனை எடுத்தார். அதில் 'தும்மல்' என்று ஒரு பெயர் இருந்தது.

தும்மல் என்பது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். முடி திருத்தும் கடை ஒன்றுக்கு முழுச் சுவர்க் கண்ணாடியைத் தூக்கிப்போனபோது, பாதி வழியில் மச்சான் தும்மினான். கண்ணாடி தரையில் சரிந்து நொறுங்கியது. கடை முழுக்க ஆட்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு தும்மலை அடக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்குடா கண்ணாடித் தொழிலுக்கு வந்தே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். மச்சான் கையுறையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து இவர் ஒத்தையாள்.

மச்சான் தொழிலை விடவில்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து தனிக் கடை போட்டார்கள். அவர்கள் வேலை செய்வதை இவர் ஒருமுறை ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். ஒருவர் அளவைச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். "பிடிச்சேன்" என்றால் "பிடிச்சே." "தூக்குறேன்" என்றால் "தூக்குறே." வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தம்பி குடும்பத்தோட கிளிப்பிள்ளைப் பாடம் படிக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"மாமா? அக்காவுக்கு என்ன ஆச்சு?"

இவர் கூப்பிட்டால் வேறு காரணம் இருக்காது என்று நினைத்திருக்கிறான். அது சுருக்கென்றது.

"அக்கா நல்லாத்தான் இருக்கா. மாப்ள, எனக்கு... ஒரு டேப்பைப் பிடிக்கணும்."

மறுமுனையில் ஏதோ ஒரு கருவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கே இருக்கீங்க?" என்றான் மச்சான்.

*

ஸ்கூட்டரில் இருவரும் வந்தார்கள். மச்சான் முன்பைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவன் பெண்டாட்டி உறவு முறையில் இவருக்குத் தங்கச்சி. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "அண்ணே, அந்தச் செங்கல் மேலயா ஏறினீங்க? அண்ணிக்குத் தெரியுமா?" என்றாள்.

"அவகிட்ட சொல்லிடாதே தாயே."

அவர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அகலம் நூற்று எழுபத்து நான்கு, உயரம் இருநூற்று ஆறு என்று வெட்டிவிட்டார்கள், பத்தைக் கழித்தோமா இல்லையா என்று தெரியவில்லை, கண்ணாடி சூளைக்குப் போகப்போகிறது. சொல்லி முடித்ததும் மச்சான் ஏதாவது குத்திப் பேசுவான் என்று காத்திருந்தார். அவன் ஏணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செங்கல்லை எடுங்க. நீ அடியைப் பிடி. நான் ஏறுறேன். மாமா, நீங்க இந்தப் பக்கம் வாசிங்க."

தங்கச்சி படியில் உட்கார்ந்து, அந்தரத்தில் நின்ற ஏணிக்காலைத் தோளில் தாங்கிக்கொண்டாள். மச்சான் ஏறினான்.

"நுனியை எங்கே பிடிக்கட்டும்? பூஜ்ஜியத்துலயா, பத்துலயா?"

"பூஜ்ஜியத்துல."

"பூஜ்ஜியம், பிடிச்சேன்."

இவர் டேப்பைப் பார்த்தார். கண்ணில் வியர்வை வழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூத்தி எழுபத்து நாலு."

"நூத்தி எழுபத்து நாலு," என்றான் மச்சான் மேலிருந்து.

"நூத்தி எழுபத்து நாலு," என்றாள் தங்கச்சி கீழிருந்து.

போன உயிர் திரும்பி வந்தது. கழித்திருக்கிறார்! கை தன் பாட்டுக்குக் கழித்திருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த அதே நொடியில் உள்ளே ஒரு வீம்பும் எட்டிப்பார்த்தது. பார்த்தாயா, ஒத்தையாள் தப்புப் பண்ணுவானா, வீணாக இவர்களைக் கூப்பிட்டுவிட்டோமே.

"சரி, சரி. இறங்கு மாப்ள. உங்களுக்கு வீண் அலைச்சல். வாங்க, டீ வாங்கித் தர்றேன்."

"உயரம்?" என்றான் மச்சான்.

"அது வேண்டாம். உயரத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. கொத்தனாரே நின்னு பிடிச்சார்."

"அண்ணே," என்றாள் தங்கச்சி, ஏணிக்காலைத் தோளிலிருந்து எடுக்காமல், "ஒரு பக்கத்தை மட்டும் அளந்துட்டு நாங்க இறங்குற வழக்கமில்ல. சண்டை போட்ட நாள்லகூட ரெண்டையும் அளந்துட்டுத்தான் சண்டையைத் தொடர்வோம்."

"அது நிஜம் மாமா. பாதிச் சண்டை அளவுலதான் வரும்."

இவர் சலித்துக்கொண்டே ஜன்னல் விளிம்பில் குத்தவைத்தார். மச்சான் மேலே நுனியைப் பிடித்தான்.

"பூஜ்ஜியம், பிடிச்சேன்."

"நூத்தி..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

"நூத்தி?"

"நூத்தி தொண்ணூத்து ஆறு."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. பட்டறையில் இருக்கும் கண்ணாடி இருநூற்று ஆறு என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"மறுபடி பாருங்க மாமா."

மறுபடியும் அதேதான். இடம் மாற்றிப் பிடித்தார்கள். அதேதான். சரியாகப் பத்து.

"அது எப்படி?" அவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிளாம்பே போடலையே! கொத்தனார் கையாலதானே பிடிச்சார்!"

கீழே மெத்தை உறையோடு நின்ற டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அன்னைக்கு அவர் மேலேயிருந்து 'பத்து, பத்து'ன்னு கத்தினாரே. எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. என்ன பத்துன்னு நான்கூட யோசிச்சேன். உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், கேட்டிருக்கத்தான் வேண்டும். கொத்தனார் நல்ல மனுஷன். இவர் அகலத்தைப் பத்தில் பிடித்து அளந்ததைப் பார்த்திருக்கிறார். இவருடைய முறை இதுதான் போல என்று தானும் பத்தில் பிடித்து, மரியாதையாக இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறார். தனியாகவே பழகிய காது, வேலை நேரத்தில் இன்னொரு குரலுக்கு இடம் வைத்திருக்கவில்லை. பிடிக்க ஆள் இருந்த அளவில்தான் தப்பு நடந்திருக்கிறது. விடியற்காலையிலிருந்து கவலைப்பட்டது முழுக்க வேறு இடத்தில்.

மச்சான் ஏற்கெனவே பட்டறைக்குப் போன் போட்டிருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"சூளையைக் கிளப்பிட்டாங்கன்னா அந்தச் சத்தத்துல போன் கேக்காது," என்றாள் தங்கச்சி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் நேர்ல போறேன். நீங்க விடாம அடிச்சுட்டே இருங்க. யாரு முந்துறோமோ பார்ப்போம்."

ஸ்கூட்டர் சத்தம் தெருவில் தேய்ந்தது. மச்சான் அடித்தான், வைத்தான், அடித்தான். இவர் டேப்பை எடுத்து இழுத்தார், விட்டார். கீழே ஒரே அளவில் மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. திங்கட்கிழமை அந்த மெத்தைகளில் யாரும் படுக்க மாட்டார்கள். டீச்சர் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு அம்மாவிடமும் என்னவென்று சொல்வார்? இவர்மேல் பழி போட்டாலாவது தேவலை. அவர் போட மாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"தண்ணி குடிங்க மாமா."

"எடுத்தாங்களா?"

"இன்னும் இல்ல. குடிங்க."

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே மறுகையால் பாட்டிலை நீட்டினான். இந்த நேரத்தில் இவர் தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? போன் அடிப்பதா, பட்டறைக்கு ஓடுவதா என்று தெருவுக்கும் படிக்கும் அலைந்திருப்பார். இல்லை, அதுகூடச் செய்திருக்க மாட்டார். நூற்று எழுபத்து நான்கு சரிதான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். நாளைக்குக் காலையில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த ஓட்டைக்கு முன்னால் நின்றிருப்பார். அதை நினைத்ததும் பாட்டிலை வாங்கி ஒரே மடக்காகக் குடித்தார்.

இவர் போன் அடித்தது. தங்கச்சி. பின்னால் இரைச்சல்.

"அண்ணே, கேக்குதா? உருளை மேல ஏத்திட்டாங்க. இன்னும் உள்ளே போகல. நான் கண்ணாடி மேல கையை வச்சுட்டு நிக்கிறேன், எல்லாரும் திட்டுறாங்க. உயரம் சொல்லுங்க!"

வாயைத் திறந்தார். எண் நாக்கில் இருந்தது. ஆனால் சொல்லும் முன் மச்சானைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைச் சொல்லும் முன்னால் இன்னொரு முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மச்சான் தலையசைத்தான்.

"நூத்தி தொண்ணூத்து ஆறு."

"நூத்தி தொண்ணூத்து ஆறு," என்றது இரைச்சலுக்குள்ளிருந்து குரல்.

"ஆமா. நூத்தி தொண்ணூத்து ஆறு," என்றார் அவர். கிளிப்பிள்ளை மாதிரி.

*

மறுநாள் கண்ணாடி வந்தது. வண்டியிலிருந்து இறக்கியதுமே மூவரும் மாறி மாறி அளந்தார்கள். டிரைவர் கொட்டாவி விட்டார். அளவு சரியாக இருந்தும் கண்ணாடிக்காரருக்கு நிம்மதி வரவில்லை. அளவு முடிந்தால் தூக்குவது இருக்கிறது.

முன்னால் மச்சான், பின்னால் இவர், பக்கத்தில் வழி சொல்லிக்கொண்டு தங்கச்சி. ரப்பர் கிண்ணங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்தார்கள்.

"தூக்குறேன்," என்றான் மச்சான்.

கொஞ்சம் தாமதமாக, கூச்சத்தோடு, "தூக்குறே," என்றார் இவர்.

படியில் பாதி ஏறியிருப்பார்கள். மச்சான் நின்றான். அவன் முதுகு விறைத்தது.

"மாமா."

"என்ன?"

"தும்மல் வருது."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். இவருக்குள் பழைய கடை, நுரை முகங்கள், நொறுங்கிய சத்தம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து போயின. 'அடக்குடா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது.

"இறக்குறேன்," என்றார்.

"இறக்குறீங்க."

தங்கச்சி படியில் ரப்பர் துண்டைப் போட்டாள். கண்ணாடி மெதுவாக அதன்மேல் உட்கார்ந்தது. இவரும் தங்கச்சியும் பிடித்துக்கொள்ள, மச்சான் முகத்தைத் திருப்பி, மாடியே அதிரும்படி ஒரு தும்மல் போட்டான். பிறகு இன்னொன்று. கண்ணாடி அசையாமல் நின்றது.

மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டான். திரும்பாமலேயே சொன்னான்.

"அன்னைக்கும் சொன்னேன் மாமா."

கண்ணாடியில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது, அதன்மேல் இவர் முகமும். அந்தக் கடையில் அன்றைக்கு என்ன காதில் விழுந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

"சொன்னியா?"

"ரெண்டு தடவை."

இவர் ரப்பர் கிண்ணத்தில் பிடியை மாற்றிக்கொண்டார். கை வலித்தது. மேலே இன்னும் பாதிப் படி இருந்தது.

"தூக்கலாமா மாப்ள?"

"தூக்கலாம் மாமா."

அந்தப் பதிலைக் காதில் நன்றாக வாங்கிக்கொண்ட பிறகே அவர் தூக்கினார்.